ஆறிய குடலும் ஆறாத வலியும்

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள் பெரியவர்கள். அந்தப் பட்டியலில் வயிற்று வலியைச் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். சேர்த்திருக்க வேண்டும். ஏனென்றால் எல்லா வலிகளிலும் அதிகமாகச் சந்தேகத்துக்கு ஆளாவது வயிற்று வலிதான். பள்ளிக்கூடம் போக மனமில்லாத பையன் சொல்லுவது வயிற்று வலி. ஆகவே வேலைக்கு வர முடியாத தொழிலாளி சொல்லுவதும் அதே ரகம்தான் என்று மேஸ்திரி முடிவு கட்டிவிடுகிறார்.

கை ஒடிந்தால் கட்டு தெரியும். காய்ச்சல் அடித்தால் தெர்மாமீட்டர் காட்டும். வயிற்று வலிக்கு என்ன சாட்சி?

அதிலும் ஒரு வகை நோயாளியின் பாடு மிகவும் மோசம். குடலில் நாள்பட்ட அழற்சி கண்டு, ரத்தமும் சீதமுமாகப் போய், ஆஸ்பத்திரியில் கிடந்து, மருந்து சாப்பிட்டு, ஒருவாறு தேறி வந்தவர் அவர். டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, "புண் ஆறிவிட்டது, வேலைக்குப் போகலாம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் வலி போகவில்லை. சாப்பிட்ட அரை மணியில் வயிறு முறுக்குகிறது. அவசரம் என்றால் ஒரு நிமிஷம் தாங்க முடிவதில்லை. ஒரு நாள் பேதி, மறு நாள் மலச்சிக்கல். "சர்ட்டிபிகேட்டில் குணம் என்று இருக்கிறதே, இன்னும் என்ன வலி?" என்று மில்லில் கேட்கிறார்கள். வீட்டிலும் அதே கேள்வி. கடைசியில் அவரே தம்மைச் சந்தேகிக்கத் தொடங்குகிறார்.

இந்த மனிதர் வேலைக்கள்ளரா? அல்லது மனக்கோளாறு பிடித்தவரா? இரண்டும் இல்லை. குடலின் புண் ஆறிவிடலாம். அந்தப் புண்ணால் அடிபட்ட நரம்புகள் ஆறுவதற்கு மாதங்கள் பிடிக்கும், சிலருக்கு வருஷங்களும் பிடிக்கும். இது இன்று பரிசோதனைகளால் தெரியவந்திருக்கும் உண்மை. நான் டாக்டர் அல்ல. மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தியவன். ஆயினும் சங்க ஆபீசுக்கு வந்து இந்தக் குறையைச் சொல்லுகிறவர்கள் ஒருவர் இருவர் அல்ல. ஆகவே படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

குடலுக்கென்று தனி நரம்பு மண்டலம்

குடல் என்றால் சோற்றை வாங்கிக் கீழே தள்ளும் வெறும் குழாய் என்றுதான் நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அது சரியல்ல. குடலின் சுவருக்குள்ளே, வாயிலிருந்து இறங்கும் உணவுக் குழாய் தொடங்கி ஆசனவாய் வரை, வலை பின்னியது போல் நரம்புகள் ஓடுகின்றன. இரண்டு அடுக்கு வலை. ஒன்றை 1857-ல் மைஸ்னர் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்தார். மற்றொன்றை 1862-ல் அவுவர்பாக் என்பவர் எடுத்துரைத்தார். இந்த வலைகளில் உள்ள நரம்பு அணுக்கள் 10 கோடிக்கும் மேல் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

இவை என்ன வேலை செய்கின்றன? 1899-ல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரண்டு விஞ்ஞானிகள் நாய்களின் குடலை வைத்துப் பரிசோதனை செய்தார்கள். மூளையிலிருந்தும் முதுகுத் தண்டிலிருந்தும் குடலுக்கு வரும் நரம்புகளைத் துண்டித்துவிட்டார்கள். குடல் நின்றுவிடவில்லை. உள்ளே ஒரு பொருளை வைத்ததும், அதற்குப் பின்னால் குடல் சுருங்கிற்று, முன்னால் தளர்ந்து வழி விட்டது. பொருள் நகர்ந்தது. அதாவது, குடலுக்குள்ளேயே உணர்வதற்கும், தீர்மானிப்பதற்கும், வேலை வாங்குவதற்கும் ஏற்பாடு இருக்கிறது. 1921-ல் லாங்லி என்ற ஆங்கில விஞ்ஞானி இதற்குக் குடல் நரம்பு மண்டலம் என்று தனிப் பெயரே வைத்தார்.

மில் தொழிலாளிக்கு இது எளிதில் விளங்கும். மானேஜர் கண்ணாடி அறைக்குள் இருக்கிறார். ஆனால் இழை அறுந்தால் அவரைக் கேட்டுக்கொண்டா முடி போடுகிறோம்? பிரேமின் பக்கத்தில் நிற்கிறவரே பார்த்து, அவரே முடி போட்டு ஓட்டுகிறார். அதுபோல, மூளை என்ற மானேஜர் மேலே இருந்தாலும், அன்றாட வேலையைக் குடலின் நரம்புகளே நடத்துகின்றன. அந்தத் தொழிலாளிகள் அடிபட்டால் பிரேம் என்ன ஆகும் என்பதுதான் இப்போது நம் கேள்வி.

அழற்சி நரம்புகளை என்ன செய்கிறது?

நாள்பட்ட குடல் அழற்சியில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, பெருங்குடலின் உள்தோல் புண்ணாகி ரத்தம் கழியும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். 1859-ல் லண்டன் டாக்டர் வில்க்ஸ் இதை எழுதி வைத்தார். மற்றொன்று, 1932-ல் நியூயார்க்கில் க்ரோன் என்ற டாக்டரும் அவருடைய சகாக்கள் இருவரும் வெளியிட்ட க்ரோன் நோய். இது சிறுகுடலின் கடைசிப் பகுதியை அதிகமாகத் தாக்கும். குடலின் முழுக் கனத்தையும் ஊடுருவும். இரண்டும் தொற்று நோய்கள் அல்ல. உடம்பைக் காக்க வேண்டிய தற்காப்புப் படையே தன் குடலின் மேல் பாய்ந்து, விலகாமல் நிற்பதால் வருபவை.

படை புகுந்த ஊரில் வீடு மட்டுமா எரியும்? தந்திக் கம்பியும் அறுந்து போகும். குடலிலும் அதுவே நடக்கிறது. நான்கு விதமான சேதங்களை ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள்.

முதலாவது, நரம்பு அணுக்களில் ஒரு பகுதி செத்துப் போகிறது. கினிப் பன்றிகளின் பெருங்குடலில் அழற்சியை உண்டாக்கிப் பார்த்ததில், அந்த இடத்தின் நரம்பு அணுக்களில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அழிந்தது. அதுவும் மெதுவாக அல்ல, தாக்குதலின் ஆரம்ப நாட்களிலேயே.

இரண்டாவது, மிஞ்சிய நரம்புகள் முன்போல் இருப்பதில்லை. தொட்டால் பதறுகின்றன. முன்பு ஒரு முறை சைகை கொடுத்து அடங்கிய நரம்பு, இப்போது விடாமல் சைகை கொடுக்கிறது. இதனால் சுருங்குவதும் தளர்வதும் ஒழுங்கு தவறிப் போகின்றன. ஓரிடத்தில் குடல் முறுக்குகிறது, இன்னோரிடத்தில் சும்மா கிடக்கிறது. பேதியும் மலச்சிக்கலும் மாறி மாறி வருவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

மூன்றாவது, சைகைக்கு உதவும் ரசாயனப் பொருளின் கணக்கு கெடுகிறது. செரட்டோனின் என்று ஒரு பொருள். அதை மூளையின் சரக்கு என்று சொல்லுவார்கள். ஆனால் நம் உடம்பில் உள்ளதில் 100-க்கு 90 பங்குக்கு மேல் குடலில்தான் இருக்கிறது. உணவு வந்து உராய்ந்ததும் குடலின் உள்தோல் இதை வெளியிடும். நரம்பு விழித்து வேலை செய்யும். பிறகு உள்தோலே அதைத் திரும்ப வாங்கி வைத்துக்கொள்ளும். இப்படித் திரும்ப வாங்கும் சக்தி கொலைட்டிஸ் நோயாளிகளின் குடலில் குறைந்திருப்பதாக 2004-ல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. மடையைத் திறந்தவன் மூட மறந்தால் வயல் என்ன ஆகும்? அதே கதைதான்.

நான்காவது, வலியை எடுத்துச் செல்லும் நரம்புகள் கூர்மையாகிவிடுகின்றன. மிளகாய் ஏன் எரிகிறது என்று யோசித்திருக்கிறோமா? நரம்பு நுனியில் மிளகாயின் காரத்தையும் கொதிக்கும் சூட்டையும் உணரும் ஒரு வாசல் இருக்கிறது. 1997-ல் இதை இனங்கண்ட அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸ் 2021-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இந்த வாசல் கொண்ட நரம்பு இழைகள் குடலிலும் உண்டு. அழற்சி அடங்கியும் வயிற்று வலி தீராத நோயாளிகளின் பெருங்குடலில் இவ்விழைகள் வழக்கத்தைவிட அதிகமாக இருப்பதை லண்டன் ஆராய்ச்சி ஒன்று 2010-ல் காட்டிற்று. வலி இல்லாத நோயாளிகளிடம் இந்த அளவு காணப்படவில்லை.

வயிற்று வலிக்கு என்ன சாட்சி என்று முதலில் கேட்டோம் அல்லவா? இதோ சாட்சி. குழாய் விட்டுப் பார்க்கும் கண்ணுக்கு இது தெரியாது; நுண்பெருக்கிக்குத் தெரிகிறது.

நரம்பு அடி வாங்குவதோடு நிற்பதுமில்லை. க்ரோன் நோய்க்காகக் குடலின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தவர்களை பெல்ஜியத்தில் ஆராய்ந்தார்கள். வெட்டிய விளிம்பில் நரம்பு முடிச்சுகளைச் சுற்றி அழற்சி அணுக்கள் கூடியிருந்தவர்களுக்கு நோய் திரும்பி வருவது அதிகமாக இருந்தது. இது 2006-ல் வெளியான முடிவு. ஆகவே நரம்பின் கதையைத் தள்ளிவிட்டு இந்த நோயின் கதையைச் சொல்ல முடியாது.

தீ அணைந்த பிறகும் அடிக்கும் மணி

சரி, அழற்சி இருக்கும்போது நரம்பு பதறுவது நியாயம். அழற்சி போன பிறகும் பதறுமா? இதுதான் மேஸ்திரியின் கேள்வி; பல டாக்டர்களின் கேள்வியும் இதுவே.

பதறும். முன்சொன்ன கினிப் பன்றிகளில், புண் முற்றிலும் ஆறி வாரக்கணக்கில் கழிந்த பிறகும் நரம்புகளின் பதற்றம் அடங்கவில்லை. குடலின் ஓட்டமும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. மனிதர்கள் விஷயம் என்ன? அழற்சி அடங்கிவிட்டது என்று டாக்டர்கள் சொன்ன நோயாளிகளிலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வலியும் கழிச்சல் கோளாறும் தொடர்வதாக, பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு ஒன்று 2012-ல் வெளிவந்தது. இவர்களில் சிலருக்குக் கண்ணுக்குத் தெரியாத அழற்சி கொஞ்சம் மிஞ்சியிருக்கலாம். ஆனால் எல்லோருக்கும் அதையே காரணமாகச் சொல்ல முடியாது.

இதற்கு ஓர் ஊரே சாட்சியாக நிற்கிறது. கனடா நாட்டின் ஒன்டாரியோ மாகாணத்தில் வாக்கர்ட்டன் என்று ஒரு சிற்றூர்; ஜனத்தொகை சுமார் 5,000. 2000-ம் வருஷம் மே மாதம் பெருமழை பெய்தது. மாட்டுச் சாணத்திலிருந்த கிருமிகள் குடிநீர்க் கிணற்றில் இறங்கின. குளோரின் சரியாகப் போடவில்லை. போட்டதாகப் பொய்க் கணக்கு எழுதப்பட்டது. தண்ணீர்ப் பரிசோதனையை மாகாண சர்க்கார் 1996-ல் தன் கையிலிருந்து விட்டுத் தனியார் கூடங்களுக்குத் தள்ளியிருந்தது. கெட்ட முடிவு வந்தால் சுகாதார அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அந்தத் தனியார் கூடங்களுக்குக் கட்டாயச் சட்டம் எதுவும் போடவில்லை. விளைவு, 7 பேர் மாண்டார்கள். 2,300 பேருக்கு மேல் நோய்ப் படுக்கையில் விழுந்தார்கள். நீதிபதி ஓ'கானர் விசாரணை நடத்தி 2002-ல் அறிக்கை கொடுத்தார். சர்க்கார் இலாகாவின் பணத்தை வெட்டியதும் இந்த விபரீதத்துக்கு ஒரு காரணம் என்று அதில் எழுதினார்.

நமக்கு இங்கே முக்கியமானது அதற்குப் பிறகு நடந்தது. வாக்கர்ட்டனில் வந்தது நாள்பட்ட அழற்சி அல்ல. சில நாட்களில் தீர்ந்துபோகும் கிருமிப் பேதி. கிருமி போயிற்று, புண் ஆறிற்று. ஆனால் இரண்டு மூன்று வருஷம் கழித்து அந்த ஜனங்களைச் சோதித்தபோது, நோய் கண்டவர்களில் 100-க்கு 36 பேருக்கு வயிற்று வலியும் கழிச்சல் கோளாறும் நிலைத்திருந்தன. நோய் காணாதவர்களில் 100-க்கு 10 பேருக்குத்தான் அப்படி. எட்டு வருஷம் கழித்துப் பார்த்தபோது இந்த எண்ணிக்கை 15 ஆகவும் 5 ஆகவும் இறங்கியிருந்தது.

இதிலிருந்து இரண்டு பாடங்கள். ஒன்று, சில நாள் அழற்சியே இவ்வளவு தடம் விட்டுப் போகுமானால், வருஷக்கணக்கில் குடலை அரிக்கும் அழற்சி எவ்வளவு விடும்? ஓர் ஊரில் மூன்றில் ஒருவர் கூடிப் பேசிக்கொண்டு நடித்தார்கள் என்று யாராவது சொல்ல முடியுமா? இரண்டாவது பாடம் ஆறுதலானது. காலம் செல்லச் செல்லப் பலருக்கு நரம்பு அடங்கிற்று. ஆகவே இது ஆயுள் தண்டனை என்று யாரும் மனமுடைய வேண்டாம்.

"எல்லாம் மனசுதான்" என்ற வாதம்

கண்ணுக்குப் புண் தெரியாவிட்டால் மனதின் மேல் பழி போடுவது பழைய வழக்கம். புண் தெரிந்தபோதுகூட அப்படிச் செய்தார்கள். 1950-ல் அமெரிக்காவில் பிரான்ஸ் அலெக்ஸாண்டர் என்ற மனோதத்துவ டாக்டர் எழுதிய புத்தகத்தில், மனதோடு பிணைந்த வியாதிகளின் வரிசையில் ஆஸ்துமா, ரத்தக் கொதிப்பு ஆகியவற்றோடு அல்சரேட்டிவ் கொலைட்டிஸும் இடம் பெற்றது. ரத்தம் ரத்தமாகப் போகிறவனைப் பார்த்து, உன் சுபாவம்தான் காரணம் என்று சொன்னார்கள்! 1955-ல் ஆக்ஸ்போர்டில் ட்ரூலவ், விட்ஸ் என்ற டாக்டர்கள் கார்ட்டிசோன் மருந்து கொடுத்துப் பார்த்ததில் கொலைட்டிஸ் நோயாளிகள் பலர் தேறினார்கள். அழற்சியை அடக்கும் மருந்துக்கு நோய் கட்டுப்பட்டது. சுபாவத்தை மாற்றும் மருந்தா அது?

அதற்காக மனதுக்கும் குடலுக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்லவில்லை. சம்பந்தம் உண்டு, பாதை இரு வழிப் பாதை. மூளையையும் குடலையும் இணைக்கும் பெரிய நரம்பின் இழைகளில் பெரும்பகுதி குடலிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோவதற்கே இருக்கின்றன. ஓயாமல் வலிச் செய்தி மேலே போய்க்கொண்டிருந்தால் தூக்கம் கெடும், கவலை கூடும், எரிச்சல் வரும். பிறகு அந்தக் கவலை கீழே இறங்கி, ஏற்கனவே பதறும் நரம்பை மேலும் பதறச் செய்யும். கக்கூஸுக்குப் போக விடுவார்களோ மாட்டார்களோ என்ற பயமே ஒருவரின் குடலை முறுக்கப் போதும். இதை மனக்கோளாறு என்பதா, பயத்தை உண்டாக்கும் ஏற்பாட்டின் கோளாறு என்பதா?

"பொய் சொல்லி லீவு எடுப்பவனே இல்லையா?" என்று சிலர் கேட்பார்கள். இருக்கலாம். கள்ள நோட்டு இருக்கிறது என்பதற்காகச் சம்பள நாளில் எல்லா நோட்டையும் கிழித்துப் போடுகிறோமா?

நோயாளி செய்ய வேண்டியது

ஒரு விஷயத்தில் யாரும் ஏமாந்துவிடக் கூடாது. எல்லா வயிற்று வலியும் நரம்பு வலி அல்ல. மலத்தில் ரத்தம், காரணமின்றி உடம்பு இளைத்தல், விட்டு விட்டுக் காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் இதில் ஒரு தனிச் சங்கடமும் இருக்கிறது. குடலில் வரும் காசநோய் பார்வைக்கு க்ரோன் நோயைப் போலவே இருக்கும். க்ரோன் நோய்க்குக் கொடுக்கும் ஸ்டீராய்டைக் காசநோய்க்குக் கொடுத்தால் ஆபத்து. ஆகவே பரிசோதனை இல்லாமல் கடைக்காரர் பொட்டலம் கட்டிக் கொடுக்கும் மாத்திரையை நம்பாதீர்கள். மூட்டு வலிக்கும் உடம்பு வலிக்கும் விற்கும் மாத்திரைகளில் பல குடல் அழற்சியைக் கிளப்பிவிடக் கூடியவை. அழற்சி கடுமையாக இருக்கும்போது பேதியை அடைக்கும் மாத்திரையை நாமாக வாங்கிப் போடுவதும் ஆபத்து. புண் ஆறிவிட்டதென்று மருந்தை நாமாக நிறுத்தக் கூடாது. நோய் திரும்பினால் நரம்புக்கு இன்னொரு அடி.

பரிசோதனையில் அழற்சி இல்லை என்று தெரிந்தும் வலி இருந்தால், "இது நரம்பின் கோளாறாக இருக்குமா?" என்று டாக்டரைத் தைரியமாகக் கேளுங்கள். அவர் சிறு அளவில் அமிட்ரிப்டிலின் போன்ற மாத்திரை எழுதினால், மருந்துக் கடைக்காரர் "இது மனநோய்க்கு உள்ளது" என்று சொல்லக்கூடும். பதற வேண்டாம். அதே மருந்து குறைந்த அளவில் வலி நரம்புகளை அடக்கவும் பயன்படுகிறது. குடலில் புண் இல்லாமலே வலியும் கழிச்சல் கோளாறும் உள்ள 463 பேரை வைத்து இங்கிலாந்தில் நடத்திய பரிசோதனையில், 10 முதல் 30 மில்லிகிராம் வரை கொடுத்ததில் வெற்று மாத்திரையைவிட நல்ல குணம் தெரிந்தது. இதன் முடிவு 2023-ல் வெளியாயிற்று. யாருக்கு இது பொருந்தும் என்பதை டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும்.

சங்கம் செய்ய வேண்டியது

மருந்து டாக்டர் கையில் இருக்கிறது. கக்கூஸுக்குப் போகும் ஐந்து நிமிஷம் யார் கையில் இருக்கிறது?

1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், ஆலையில் இருக்கும் நேரம் முழுவதும் தொழிலாளர்கள் எப்போதும் போகக்கூடியபடி, போதுமான கக்கூஸ் வசதியாக இருக்க வேண்டும் என்று சொல்லிற்று. "எப்போதும்" என்ற வார்த்தையைக் கவனியுங்கள். சட்டத்தில் "எப்போதும்", ஷெட்டிலோ டோக்கன் வாங்கிக்கொண்டு, ஆள் மாற்றி விட்டு, மேஸ்திரியின் முகத்தைப் பார்த்துப் போக வேண்டும். பதறும் குடலுக்கு டோக்கன் முறை தெரியாது.

வயல்காட்டில் நிலைமை இன்னும் கேவலம். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்கள், ஒதுங்க இடமில்லை என்பதற்காகக் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே வேலை செய்கிறார்கள், வந்ததை அடக்கிக்கொள்கிறார்கள். ஆரோக்கியமான உடம்புக்கே இது கேடு. குடல் நோய் கண்ட பெண்ணுக்கு இது தினசரி சித்திரவதை. வெளியே சொல்லக் கூச்சம். சொல்லாததால் நோய் முற்றிப் போகிறது.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை. கக்கூஸுக்குப் போவதற்குக் கணக்கும் கெடுபிடியும் கூடாது. குடல் நோய் கண்டு திரும்பியவருக்குச் சில மாதங்களாவது கக்கூஸுக்குப் பக்கத்தில் உள்ள இலகுவான வேலை தர வேண்டும். "குணம்" என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டு ஆஸ்பத்திரி கை கழுவக் கூடாது. வலி இருக்கிறதா, எத்தனை தடவை போகிறது என்பதையும் கேட்டு எழுத வேண்டும். வேலை நடக்கும் வயல்களுக்கு அருகில் பெண்கள் ஒதுங்க மறைவான இடமும் தண்ணீரும் வேண்டும். ஒருவர் மேல் வேலைக்கள்ளர் என்று குற்றப் பத்திரிகை வந்தால், அவர் நோயின் வரலாற்றை எடுத்துக்கொண்டு சங்கப் பிரதிநிதி கூடவே போக வேண்டும்.

இவற்றில் எதுவும் பெரிய செலவு பிடிப்பதல்ல. தேவைப்படுவது ஒன்றுதான்: வலிக்கிறது என்று உழைப்பாளி சொன்னால், பொய் என்று நிரூபிக்கப்படும் வரை அதை மெய் என்று எடுத்துக்கொள்ளும் மரியாதை. அந்த மரியாதையை மேஸ்திரியிடம் கேட்பதற்கு முன்னால், பக்கத்து பிரேமில் நிற்கிற தோழருக்கு நாம் கொடுக்கத் தொடங்குவோம். அடுத்த முறை ஷிப்டு நடுவில் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினால் சிரிக்க வேண்டாம். அவர் திரும்பி வரும் வரை அவருடைய பிரேமையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.